உறைபனி இரவில் வேலை வேன்: தண்ணீரை வடிப்பதா, கரண்ட் ஹீட்டரா, டீசல் ஹீட்டரா?

2022 டிசம்பர் நடுவில் ஒரு காலை. ஸ்காட்லாந்தின் பிரேமாரில் மைனஸ் 17.3 டிகிரி வரை இறங்கிய அதே வாரம். இங்கே இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவ்வளவு மோசமில்லை, மைனஸ் ஆறோ ஏழோ இருந்திருக்கும். வேனைத் திறந்து பம்ப் சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. சரி, கொஞ்சம் வெயில் ஏறட்டும் என்று விட்டேன். பதினோரு மணிக்கு மேல் ஐஸ் இளகியபோதுதான் பம்ப் தலையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருப்பதும், அது வழியாக வேனுக்குள் நாலாபக்கமும் தண்ணீர் பீய்ச்சுவதும் தெரிந்தது. பம்ப் நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. அது வந்து சேரும் வரை போன இரண்டு நாள் கூலிதான் உண்மையான நஷ்டம்.

எனக்கு ஜன்னல் கழுவும் வேலை. இங்கிலாந்தில் இந்தத் தொழிலில் ஏணி ஏறுவது குறைந்துவிட்டது. வேனுக்குள் 400 லிட்டர் டாங்கி, 12 வோல்ட் பம்ப், 100 மீட்டர் ஹோஸ் சுற்றிய ரீல், தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைத் தேய்க்க நீளக் கம்பின் நுனியில் ஒரு பிரஷ். குழாய்த் தண்ணீரை முதலில் ஆர்ஓ, அப்புறம் மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசின் என்று வடிகட்டி, டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துவிட்டால், துணி போடாமலே கண்ணாடி கறையில்லாமல் காய்ந்துவிடும். நம்மூரில் குடிப்பதற்கு வைக்கிற அதே ஆர்ஓதான், இங்கே ஜன்னலுக்கு.

பம்ப் உடைந்த கையோடு நான் டாங்கியைக் காப்பாற்றுவது எப்படி என்றுதான் தேட ஆரம்பித்தேன். பிரஷர் வாஷர் வைத்துக் கார் கழுவும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் நிறுத்தினார். "டாங்கியை விடும் தம்பி, முதல் பம்பைப் பாரும்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழு டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீர் பூஜ்யத்துக்கு இறங்கவே மூன்று யூனிட்டுக்கு மேல் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், கிலோவாட்-மணி) வெப்பத்தை இழக்க வேண்டும். அதற்குப் பிறகு முழுசாக உறைய இன்னும் 37 யூனிட் போக வேண்டும். ஒரே இரவில் நடக்கிற காரியமா? மேலே ஒரு ஏடு கட்டலாம், அவ்வளவுதான். ஆனால் 6 மில்லிமீட்டர் ஹோஸ் 100 மீட்டருக்குள்ளே நிற்பது மூன்று லிட்டருக்கும் குறைவான தண்ணீர். பம்ப் தலைக்குள் ஒரு கரண்டி. அவை உறைய ஒரு இரவு முழுக்க வேண்டியதில்லை, பாதி இரவு போதும். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருகும், பிளாஸ்டிக்கும் பித்தளையும் அந்த ஒன்பதுக்கு இடம் கொடுக்காது.

ஆகவே கீழே சொல்லும் எந்த வழியையும் நான் அளப்பது ஒரே கோலால்தான்: சின்னச் சாமான்களைக் காப்பாற்றுகிறதா, இல்லையா.

முதலில் வடித்துவிடுவது. செலவே இல்லை என்பதால் எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். டாங்கி வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, பம்பைச் சில விநாடி வெறுமனே ஓடவிட்டு, ஃபில்டர் கிண்ணத்தைத் திருகிக் கவிழ்த்தால் முடிந்தது என்று நினைப்போம். என் வேனில் இருப்பது போன்ற டயாஃப்ரம் பம்ப் கொஞ்சம் வெறுமனே ஓடுவதைத் தாங்கும். பிரஷர் வாஷர் பம்பில் அந்தச் சலுகை குறைவு, அதிக நேரம் ஓட்டினால் சீல் போய்விடும். அப்புறம் பந்து வால்வு என்று ஒன்று இருக்கிறது. அதை மூடினாலும் சரி, திறந்தாலும் சரி, பந்தைச் சுற்றியுள்ள இடைவெளியில் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், எல்லாவற்றையும் வடித்த பிறகும் வால்வு பிளக்கும். வடித்த குழாயில் கைப்பிடியைப் பாதித் திருப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று எனக்கு இரண்டாவது வருஷம்தான் தெரிந்தது. ரீலில் சுற்றிய ஹோஸ் சாய்த்தாலும் வடியாது, சின்ன கம்ப்ரஸர் வைத்து ஊதினால்தான் உண்டு. ஹோஸ் நெகிழும் என்பதால் பெரும்பாலும் வெடிப்பதில்லை, ஆனால் காலையில் இரும்புக் கம்பி மாதிரி நிற்கும், ரீலின் நடுவில் சுழலும் இணைப்புதான் முதலில் போகும். இதையெல்லாம் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், விரல் மரத்த நிலையில், தினமும் கால் மணி நேரம் செய்ய வேண்டும். ஒரு வாரம் செய்வோம். எட்டாவது நாள் களைப்பில் விடுவோம், அன்றைக்குத்தான் உறையும்.

இன்னொன்று: ஆர்ஓவை வடித்துக் காயப்போடும் வேலையே வேண்டாம். அதற்குள் வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் காயவும் கூடாது, உறையவும் கூடாது. உறைந்து கெட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, டிடிஎஸ் மீட்டர் மட்டும் மெல்ல ஏறும், ரெசின் சீக்கிரம் தீரும், காரணம் புரியாமல் காசு போகும். அதைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போவதுதான் வழி. எங்கள் வீட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை சமையலறைக் கதவுக்குப் பின்னால் அதற்கு ஓர் இடம் உண்டு, அதைப் பற்றி வீட்டில் தனி அபிப்பிராயமும் உண்டு.

வடிப்பதற்கு எதிர்முனையில் இருப்பது வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து ஹீட்டர் வைப்பது. இங்கேதான் பலர் காசைக் கரியாக்குகிறார்கள். வேன் என்பது ஒற்றைத் தகரப் பெட்டி. உள்ளே எதுவும் ஒட்டாத வேனை மைனஸ் ஆறில் ஐந்து டிகிரியாக வைத்திருக்க, என் தோராயக் கணக்குப்படி ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் இரவு முழுக்க எரிய வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு இருபது யூனிட் வரை ஆகும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தாலும் ஒரு இரவுக்கு ஐந்து பவுண்ட். அந்த 2022 குளிர்காலத்தில் யூனிட் 34 பென்ஸ் விற்றது, அப்போது ஏழு பவுண்ட். கூடவே துணியும் அட்டையும் கிடக்கும் வேனில் ஆளில்லாமல் ஃபேன் ஹீட்டர் ஓடுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. சுவர்களுக்கு ஒரு அங்குல ஃபோம் பலகை ஒட்டினால் இதே வேலை மூன்றில் ஒரு பங்கு கரண்டில் முடியும். ஃபோம் தனியாக எதையும் சூடாக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போர்வை போர்த்திய பிணம் சூடாகுமா? உள்ளே ஏதாவது வெப்பம் வேண்டும்.

என் தேர்வு இதில் ஒரு படி கீழே. வேனைச் சூடாக்காதீர்கள், அலமாரியைச் சூடாக்குங்கள். பம்ப், ஃபில்டர், வால்வு எல்லாவற்றையும் ஒரே மூலைக்குக் கொண்டு வந்து, சுற்றிப் பிளைவுட்டும் ஃபோமும் வைத்து ஒரு பெட்டி கட்டினேன். உள்ளே பசுமைக்குடிலில் வைக்கும் 80 வாட் குழாய் ஹீட்டர், ஐந்து டிகிரியில் எரிந்து அணையும் தெர்மோஸ்டாட். விடிய விடிய எரிந்தாலே ஒரு யூனிட்டைத் தாண்டாது, உண்மையில் பாதி நேரம்கூட எரிவதில்லை. பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும் உச்ச-நீச வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளும் இன்னொன்றை ரீல் பக்கத்திலும் போட்டு ஒரு வாரம் பார்த்தால் உங்கள் வேனின் குணம் தெரிந்துவிடும். தெளிவான வானம் இருக்கும் இரவில் வானிலை அறிக்கை 2 டிகிரி என்று சொல்லும், ஆனால் தகரக் கூரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுப் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அறிக்கையை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

டாங்கியை நிரப்பியே வைக்கிறேன். அது குளிரும்போது விடும் மூன்று யூனிட் வெப்பமும் வேனுக்குள்ளேதான் போகிறது, ஓசி ஹீட்டர். பிரேமார் பக்கத்துக் குளிருக்கு இது பொருந்தாது. கனடாக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அங்கே குளிரே வேறு ரகம்.

கரண்டுக்கு ஒரே எதிரி தெருதான். வீட்டு முற்றத்தில் வேன் நின்றால், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிடி பிளக்கும், சுருளை முழுசாக விரித்த வயரும் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு தெருவில் நிறுத்துகிறவர் நடைபாதை குறுக்கே வயர் போட முடியாது, யாராவது தடுக்கி விழுந்தால் பம்ப் விலையெல்லாம் சில்லறையாகிவிடும். அவர்களுக்குத்தான் டீசல் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் இரண்டும் பழைய பெயர்கள், மலிவான சீன மாடல்கள் எக்கச்சக்கம். 2 கிலோவாட் ரகம் குறைந்த சூட்டில் மணிக்கு 0.1 லிட்டர் சொச்சம்தான் குடிக்கும், இரவுக்கு ஒன்றரை லிட்டர் என்று வையுங்கள். பார்க்கப் போனால் ஃபேன் ஹீட்டரைவிட மலிவு, என் பெட்டியைவிடப் பல மடங்கு அதிகம். ஓடும்போது ஒன்றிரண்டு ஆம்பியர் எடுக்கும், பற்றவைக்கும்போது பத்து ஆம்பியர் வரை இழுக்கும், ஆகவே நல்ல தனி பேட்டரி வேண்டும். லித்தியம் பேட்டரி போட்டிருப்பவர்கள் கவனிக்கவும், பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எப்போதும் சிறு தீயிலேயே ஓட்டினால் உள்ளே கரி படியும், இடையிடையே முழு வேகத்தில் கொஞ்சம் எரிக்க வேண்டும். புகைக்குழாய் கட்டாயம் வேனுக்கு வெளியே, வேனுக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். அதன் எரிபொருள் பம்ப் போடும் டிக் டிக் சத்தம் நள்ளிரவில் பக்கத்து வீட்டு ஜன்னல் வரை கேட்கும், அந்த ஜன்னலே உங்கள் வாடிக்கையாளருடையதாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

உறைதடுப்புத் திரவம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஜன்னல் வேலைக்கு அது ஆகாது. டிடிஎஸ் பூஜ்யத்துக்காக இவ்வளவு பாடுபட்டு, அதே குழாயில் அந்தத் திரவத்தின் கிளைகாலை ஊற்றினால் கண்ணாடியெல்லாம் கோடு. அண்ணனின் பிரஷர் வாஷருக்கோ அதுதான் முதல் தேர்வு: வாரக் கணக்கில் சும்மா நிற்கும் இயந்திரத்தில், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் முனையில் திரவத்தின் நிறம் தெரியும் வரை உறிஞ்ச விட்டு அணைத்துவிடுவார். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் மட்டும் வேண்டாம். இனிக்கும், பூனை நாய் நக்கினால் செத்துப்போகும். புரோபிலீன் கிளைகால் வாங்குங்கள், மறுபடி ஓட்டும்போது வரும் முதல் தண்ணீரை வாளியில் பிடியுங்கள், சாலையோர மழைநீர்க் குழியில் விட்டால் அது பெரும்பாலும் நேரே ஆற்றுக்குத்தான் போகும்.

ஆக, முற்றமும் பிளக்கும் இருந்தால் சூடான பெட்டி, தெருவில் நிறுத்தினால் டீசல். இரண்டுக்கும் காசில்லாத முதல் வருஷத்துக்காரர் பம்ப், ஃபில்டர், துப்பாக்கி மூன்றையும் மட்டும் தினமும் தவறாமல் வடிக்கட்டும், டாங்கியைத் தொட வேண்டாம். ரீல் என் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதற்கு இன்னமும் பழைய கம்பளியும், மைனஸ் மூன்றுக்குக் கீழே போகும் என்றால் கம்ப்ரஸரும்தான்.

வேனைக் காப்பாற்றிவிட்டதால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடலாம் என்றும் இல்லை. நடைபாதையில் சொட்டும் தண்ணீர் பத்து நிமிஷத்தில் கண்ணாடியாகிவிடும், வாடிக்கையாளர் வாசலில் வழுக்கி விழுவார். மைனஸ் நாட்களில் நான் பத்தரைக்கு மேல்தான் போகிறேன், வேனில் ஒரு மூட்டை கல்லுப்பு. ஆர்ஓவும் குளிர்ந்த தண்ணீரில் சோம்பேறி, 25 டிகிரியில் தருவதில் பாதியைத்தான் ஐந்து டிகிரியில் தரும், அதனால் கோடையில் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் திறந்துவிடும் குழாயை இப்போது வேலை முடிந்து வந்ததுமே திறந்துவிடுகிறேன், படுக்கப் போகும் முன் டாங்கி நிரம்பினால்தான் மெம்பிரேனைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைக்க முடியும்.