'மண்டையில் நிற்க மாட்டேங்குது': எந்த வழி தேறும், எது தேறாது

மதுரையில் குரூப் 4-க்குப் படிக்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ரெண்டு புலம்பல் சேர்ந்தேதான் வரும். "படிக்கிறது எதுவும் மண்டையில் நிற்க மாட்டேங்குது" என்பது ஒன்று. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்பது அடுத்தது. முதல் புலம்பலுக்கு ஞாபக சக்தி வகுப்பு, ரெண்டாவதுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு என்று தனித்தனியாகக் கடை விரித்திருக்கிறார்கள். எனக்கென்னவோ ரெண்டும் ஒரே சீக்கு என்றுதான் தோன்றுகிறது, அதனால் எல்லா வைத்தியத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். (வல்லாரைத் துவையலையும் வெண்டைக்காயையும் போட்டியில் சேர்க்கவில்லை. ருசிக்குச் சாப்பிடுங்கள்.)

முதலில், திரும்பத் திரும்ப வாசிப்பதா, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதா? புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்ததிலிருந்து படிக்க இடம் இல்லை என்ற குறை கொஞ்சம் தீர்ந்தது, ஆனால் உட்கார்ந்து என்ன செய்கிறோம்? ஏற்கெனவே மஞ்சள் அடித்த வரிக்கு மேல் பச்சை அடிக்கிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற ரெண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். ஒரு கூட்டம் பாடத்தை நாலு சுற்றும் வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் போனதும் வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த கூட்டம்தான். கண்ணுக்குப் பழகின வரி தெரிந்த வரி மாதிரி ஏமாற்றும். மூடிவைத்துச் சொன்னால் தடுமாறும், எரிச்சல் வரும், 'நமக்கு வராது' என்று தோன்றும், ஆனால் அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் ஊன்றுகிறது. இதோடு இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படித்த புதிதில்தான் மறதி வேகமாக இருக்கும், போகப் போகக் குறையும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதிவிட்டார். ஆக மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, அப்புறம் ரெண்டு வாரம் கழித்து.

அடுத்து, வகுப்புகளில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் 'நினைவு மாளிகை'. தெரிந்த இடத்தில் மனசால் நடந்துபோய் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொருளை வைத்துவிட்டு வருவதுதான் சங்கதி. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மாளிகை எதற்கு? அம்மன் சன்னதி வாசலில் நுழைந்தால் அட்டசக்தி மண்டபம், மீனாட்சி நாயக்கர் மண்டபம், பொற்றாமரைக் குளம், கிளிக்கூட்டு மண்டபம், முக்குறுணி விநாயகர் என்று வரிசை தானாக வரும். பத்துப்பாட்டை அதில் வைத்துப் பாருங்கள். அட்டசக்தி மண்டபத் தூணில் வேலோடு சாய்ந்து நிற்கிறார் முருகன், அது திருமுருகாற்றுப்படை. அடுத்த மண்டபத்தில் ஒரு பொருநர் தடாரிப் பறையைக் கொட்டிக் கூட்டம் சேர்க்கிறார். குளத்துப் படியில் சின்ன யாழோடு ஒருத்தர், ஆளுயர யாழோடு ஒருத்தர், சிறுபாணும் பெரும்பாணும். கிளிக்கூட்டு மண்டபத்தில் கூடை கவிழ்ந்து தரையெல்லாம் முல்லைப்பூ. படம் எவ்வளவு கோணலோ அவ்வளவு நன்றாக ஒட்டும்.

இது சும்மா கதையும் இல்லை. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், நாளுக்கு அரை மணி நேரம் வீதம் 40 நாள் இதைப் பழகியவர்கள், 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முதலில் சராசரி 26 சொன்னவர்கள், கடைசியில் 60-ஐத் தாண்டிச் சொன்னார்கள். ஆனாலும் பட்டியலுக்குத்தான் இது ராஜா. ஒரு சட்டத் திருத்தம் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள எந்த மண்டபமும் உதவாது. பட்டியலிலேயே கூட நம்மூர்ப் பழைய உத்தி சளைத்ததில்லை: 'முருகு பொருநாறு' என்று தொடங்கும் வெண்பாவை மனப்பாடம் செய்தவருக்குப் பத்தும் மூச்சுவிடாமல் வந்துவிடும், எதுகை மோனையே பிடித்து இழுத்துக்கொடுக்கும். வெண்பா இருக்கிற இடத்தில் வெண்பா, இல்லாத இடத்தில் கோயில். என் ஓட்டு இப்படித்தான்.

சரி, 'நமக்கெல்லாம் எங்கே' என்ற அடுத்த புலம்பல். கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று சொல்லச் சொல்கிறார்கள். ஏற்கெனவே தன்மேல் நல்ல எண்ணம் உள்ளவருக்கு இதனால் சின்ன லாபம் உண்டு. ஆனால் தன்னை மட்டமாக நினைப்பவர் இப்படிச் சொல்லும்போது உள்ளே இருக்கிற ஆள் 'யாருகிட்ட விடுறே' என்று கேட்டுவிடுகிறார். கனடாவில் 2009-ல் செய்த சோதனையில், தன்மதிப்புக் குறைந்தவர்களில் இப்படி நல்ல வாக்கியம் சொல்லிக்கொண்டவர்கள், சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்துதான் போனார்கள். மருந்து யாருக்கு வேண்டுமோ அவருக்கே ஆகாது என்றால் அதை எதற்கு விற்பது?

வேலை கிடைத்துத் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்வதும் அவ்வளவு உத்தமம் இல்லை. 1999-ல் வந்த ஆய்வு ஒன்றில், நல்ல மதிப்பெண் வாங்கியதாக மட்டும் கற்பனை செய்த மாணவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப்போகிறோம் என்று கற்பனை செய்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஆகவே கற்பனை செய்தே ஆக வேண்டுமென்றால் நாற்காலியை விட்டுவிட்டு நாளைக் காலை ஆறு மணியைக் கற்பனை செய்யுங்கள்: எந்த மேசை, எந்தப் பாடம், போனை எந்த அறையில் வைப்பது.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது உளவியலாளர் பந்துரா 1977-ல் எழுதியது. 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்குப் பலமான ஊற்று, நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் உற்சாகப் பேச்சு அதற்கும் கீழேதான். மூடிவைத்துச் சொல்லும் வழியை நான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவது இதனால்தான். நேற்று நாலு வந்தது, இன்று ஏழு வருகிறது என்று நோட்டில் குறித்துவைத்தால், 'மண்டையில் நிற்காது' என்ற பேச்சுக்கு எதிரான சாட்சி உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

பயிற்சி மையங்கள் ஒட்டுகிற மாநில முதலிட ஃபிளெக்ஸ் முகங்கள் நமக்கு ரொம்பத் தூரம். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, உங்களைப் போலவே அரசுப் பள்ளியில் படித்து, வேலைக்கும் போய்க்கொண்டு, போன தடவை தேறியவர் ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப்பிடித்து, எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேளுங்கள். அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.