‘மூட்டுக்குள்ள போடுற ஊசிதானே’ என்று விட்டுவிடாதீர்கள்

தோள்பட்டை, முழங்கால் வலிக்கு ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடும்போது, “இது உடம்புல ஏறாது” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஏறும். பால் போல வெளுத்திருக்கும் அந்த மருந்து, மூட்டிலிருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி அதை உடைத்துவிடுவதால் பலருக்கும் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை.

அந்த நொதியை முடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் விழுங்கும் இட்ராகோனசோல். ரிட்டோனாவிரோடு சேர்ந்தால் 40 மி.கி. ஊசி ஒன்றே போதும். சில வாரங்களில் முகம் உருண்டையாகும், வயிறு தள்ளும், சர்க்கரை ஏறும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும், மாதவிடாய் தாறுமாறாகும். எச்.ஐ.வி. நோயாளி என்றால், “மாத்திரையால கொழுப்பு இடம் மாறியிருக்கு” என்று தவறாக முடிவுகட்டிவிடுவதும் நடக்கிறது.

இப்படித் தெரிந்தால் காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் (அட்ரினல் சுரப்பி தானே சுரக்கும் ஸ்டீராய்டு) பாருங்கள். ஸ்டீராய்டு மிகுந்த உடம்பில் கார்டிசால் அடிமட்டத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டைப் பார்த்து மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலுக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிட்டது, அட்ரினல் சுரப்பி படுத்துவிட்டது என்று பொருள். முகம் வற்றத் தொடங்கும் நேரம்தான் ஆபத்தானது: ஊசி மருந்து தீர்ந்திருக்கும், அட்ரினல் இன்னும் எழுந்திருக்காது. அப்போது காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு. ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. உடனே ஏற்ற வேண்டியிருக்கும். இதற்குப் பயந்து எச்.ஐ.வி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றுவதை எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சீட்டில் வெறுமனே ‘மூட்டு ஊசி போடப்பட்டது’ என்று எழுதி அனுப்புவதுதான் எரிச்சலான விஷயம். மருந்தின் பெயர், மி.கி., தேதி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். குப்பியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பார்க்கும் ஹார்மோன் மருத்துவருக்கு அதுதான் துப்பு. வரவேற்பில் நாலு பேர் முன்னால் ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க’ என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பெயர்களைத் தாளில் எழுதி மருத்துவர் கையிலேயே கொடுங்கள். இட்ராகோனசோலை நேற்று நிறுத்தியிருந்தாலும் எழுதுங்கள், அது உடம்பை விட்டுப் போக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ‘வேற ஸ்டீராய்டு போடறேன்’ என்று மெத்தில்பிரெட்னிசோலோனை எடுத்தால், அதையும் இதே நொதிதான் உடைக்கிறது என்று சொல்லுங்கள்.