இரண்டு வகுப்பறைகளை இணைக்க ஜூமா, மீட்டா?

வீடியோ அழைப்பில் இரண்டு வகுப்புகள் சந்திக்கும். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டே எதிர் வகுப்பின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். 'மிஸ்டரி ஸ்கைப்' என்ற பெயரில் பரவிய ஆட்டம் இது. 2025 மே 5-இல் ஸ்கைப் மூடப்பட்டதும் வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு நான்காம் வகுப்பையும் மலேசியத் தமிழ்ப்பள்ளி வகுப்பு ஒன்றையும் இப்படி இணைக்க, காசில்லாமல் கிடைக்கும் ஜூம், கூகுள் மீட் இரண்டில் எது தேறும்?

முதலில் நேரம். இலவச ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், இருவர் மட்டும் பேசினாலும். மீட்டில் 60 நிமிட வரம்பு உண்டு. ஆனால் மூன்று பேர் சேர்ந்தால்தான் அது வரும். வகுப்புக்கு ஒரு கருவி என்றால் மீட் கணக்கில் அது இருவர் அழைப்பு, 24 மணி நேரம் வரை ஓடும். "நானும் பார்க்கிறேனே" என்று தலைமையாசிரியர் தன் செல்போனில் நுழைந்தால் அவர் மூன்றாமவர். வரம்பும் கூடவே வந்துவிடும். அதே அறையில் இருந்து நுழைந்தால் ஊளைச் சத்தமும் வரும்.

இவ்வளவு இருந்தும், மொழி வகுப்புக்கு என் ஓட்டு ஜூமுக்கே. காரணம் ஒலி. இரைச்சல் குறைப்பு என்பது ஒற்றைக் குரலைக் காப்பாற்ற வந்த வசதி. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாட்டுச் சொன்னால் அதையும் இரைச்சல் என்றெண்ணி நடுநடுவே விழுங்கும். ஜூமில் ஆடியோ அமைப்புக்குள் போய்ப் பின்னணி இரைச்சல் குறைப்பைக் 'குறைவு' என்று வைத்தால் சேர்ந்து சொல்வது ஓரளவு முழுதாகப் போய்ச் சேரும். இப்படிப் படிப்படியாகக் குறைக்கும் வசதி மீட்டில் இல்லை. 40 நிமிடம் ஒரு பாடவேளைக்குப் போதும். சோதனை அழைப்பை மட்டும் முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

மைக் எங்கே இருக்கிறது என்பதை எந்தச் செயலியும் ஈடுகட்டாது. மடிக்கணினி மேசையிலும் பேசும் பிள்ளை மூன்றாம் வரிசையிலும் இருந்தால் கிளி, கிழி, கிலி எல்லாம் எதிர்முனையில் ஒன்றுதான். கருவிக்கு முன் இரண்டு நாற்காலி போட்டு, கேட்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர் என்று இருவர் இருவராக வரச் செய்யுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது. ஒலிபெருக்கி மைக்கைப் பார்த்து இருந்தால் எதிரொலிக்கும்; பிள்ளைகள் பக்கம் திருப்புங்கள். குரல் சற்றுத் தாமதித்தே போகும், அதனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசித் தடுமாறுவார்கள். கேள்வி முடிந்ததும் கை உயர்த்துவது என்று முன்பே பேசி வைத்தால் போதும்.

சிலேட்டில் எழுதிக் காட்டும்போது இன்னொரு வேடிக்கை. தங்கள் திரையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிவதால், "தப்பா எழுதிட்டோம் டீச்சர்" என்று அழிக்கத் தொடங்குவார்கள். எதிர்முனைக்கு அது நேராகத்தான் போகிறது. கணினியில் ஜூம் வீடியோ அமைப்பில் 'மிரர்' குறியை எடுத்துவிட்டால் குழப்பம் தீரும்.

செல்போன் டேட்டாவில் செய்வோர் கவனிக்க: 720பி என்ற தெளிவான படத் தரத்துக்கு ஏற்றம் (அனுப்புவது), இறக்கம் (பெறுவது) இரண்டுக்கும் நொடிக்கு 1.2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வீதம் கொண்டால் 40 நிமிடத்துக்குச் சுமார் 720 எம்பி செலவாகும். தடங்கினால் வீடியோவை அணையுங்கள், குரலை விடாதீர்கள்.

மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நமக்குக் காலை 9.45 என்றால் அங்கே 12.15, வீடு திரும்பும் வேளை நெருங்கிவிடும். எனவே நம் முதல் பாடவேளைதான் தோது.

ஆட்டத்திலேயே ஒரு குறை உண்டு. ஆம், இல்லை என்ற பதிலில் எங்கே மொழி வளரும்? கேட்பவருக்கு மட்டுமே பயிற்சி. ஆகவே பதிலும் முழு வாக்கியமாக வர வேண்டும் என்று விதி வையுங்கள்: "இல்லை, எங்கள் ஊர் கடலோரத்தில் இல்லை." எடுத்த எடுப்பில் "பினாங்கா?" என்று குறி பார்த்தால் கேள்விகள் வீணாகும். "கோலாலம்பூருக்கு வடக்கேயா?", "உங்கள் மாவட்டத்தில் காவிரி ஓடுகிறதா?" என்று வரைபடத்தைப் பாதி பாதியாக வெட்டக் கற்றுக்கொடுங்கள். அதற்கு மேசைக்கொரு வரைபடம் வேண்டும்.

ஊர் தெரிந்ததும் அழைப்பை வைத்துவிடாமல் கடைசி ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகளிடமே விடுங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று அங்கிருந்து ஒரு கேள்வி வரும். காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று புரிய இங்கே ஒரு நொடி ஆகும். 'கம்பம்' என்றால் தேனி மாவட்டத்து ஊர் இல்லை, அங்கே கிராமம். இந்தச் சொற்களைக் கரும்பலகையில் ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும்.