வெர்மான்ட், வயோமிங்: ஆள் குறைந்த இரண்டு மாநிலங்கள்

அமெரிக்காவில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலம் வயோமிங். 2020 கணக்கெடுப்பில் 5,76,851 பேர். அதற்கு அடுத்தது வெர்மான்ட், 6,43,077 பேர். எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வயோமிங்கின் பரப்பு வெர்மான்ட்டைப் போல் பத்து மடங்கு.

சரி, அப்படியானால் வயோமிங்தானே பெரிய கிராமம்? அதுதான் இல்லை. வறண்ட நிலம் என்பதால் அங்கே ஜனங்கள் செயென், காஸ்பர் போன்ற நகரங்களில் சேர்ந்து வாழ்கிறார்கள். பாதிக்கு மேல் நகரவாசிகள். வெர்மான்ட்டில் சின்னச் சின்ன ஊர்களாகச் சிதறியிருப்பதால் சுமார் 65 சதவீதம் பேர் கிராமவாசிகள். தலைநகர் மான்ட்பீலியரிலேயே எட்டாயிரம் பேர்தான்!

வயோமிங்கின் மக்கள்தொகை நிலக்கரி, எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 1980களில் விலை சரிந்தபோது பத்தாண்டில் சுமார் 16,000 பேர் குறைந்தார்கள். வெர்மான்ட்டின் சிக்கல் முதுமை. நடு வயது (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 43ஐ ஒட்டி நிற்கிறது, பிறப்பு குறைவு. வெளியூர் வேலையை வீட்டிலிருந்தே செய்பவர்கள் குடியேறினால் 10,000 டாலர் வரை உதவித்தொகை என்று 2018இல் சட்டமே போட்டார்கள்.

இரண்டிலும் வெள்ளையர்களே மிகப் பெரும்பான்மை. வயோமிங்கின் விண்ட் ரிவர் என்ற பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதியில் ஷோஷோனி, அரபஹோ பழங்குடியினர் இருக்கிறார்கள். வெர்மான்ட்டின் பர்லிங்டன், வினூஸ்கி பக்கம் பூட்டானிலிருந்து வந்த நேபாளி அகதிகளும் சோமாலியரும் உண்டு.

அரசியலில் மட்டும் இரண்டும் சமம்: தலா இரண்டு செனட்டர்கள், ஒரே ஒரு கீழவை உறுப்பினர்.