சென்னை – தூத்துக்குடி விமானம்: ஒன்றரை மணி நேரம் எங்கே போகிறது?

மீனம்பாக்கத்திலிருந்து, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்துக்கு ஆகாய வழியில் சுமார் 530 கிலோமீட்டர். நேர்கோடு போட்டால் தஞ்சாவூர், காரைக்குடி பக்கமாக இறங்கி வரும். சாலை வழி என்றால் 600-ஐத் தாண்டிவிடும். டிக்கெட்டில் போடும் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு ஒன்றரை மணியா என்றால், காரணம் விமானத்தின் ரகம்தான். இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72, இறக்கையில் புரொப்பல்லர் சுழலும் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். ஏர்பஸ் 320 என்றால் 800-ஐத் தாண்டும். மீதி நிமிடங்கள் மீனம்பாக்கத்தில் ரன்வேக்கு வரிசையில் நிற்பதில் கரைகின்றன.

வாகைகுளத்து ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை பெரிய விமானத்துக்கு அங்கே வழியே இல்லை. இப்போது அது சுமார் 3 கிலோமீட்டர். புதிய முனையமும் 2025 ஜூலை 26-ல் திறந்தாயிற்று. அதனால் புக் செய்யும்போது விமான ரகத்தையும் ஒரு கண் பாருங்கள். ஏர்பஸ் என்று போட்டிருந்தால் கால் மணியாவது மிச்சம்.

ஏடிஆரில் ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக. முன்பக்கம் சரக்கு அறை. முதல் வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள், புரொப்பல்லர் இரைச்சலும் அங்கேதான் அதிகம். 15-க்குப் பிறகான வரிசைகள் நல்லது. இருக்கை இருபுறமும் இரண்டிரண்டு, நடு இருக்கைத் தொல்லை இல்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெளிவாகத் தெரியும். நடு வரிசையில் உட்கார்ந்தால், இறங்கும் நேரத்தில் விமானத்தின் வயிற்றுப் பக்கமிருந்து சக்கரம் வெளியே வந்து பூட்டிக்கொள்வதையே பார்க்கலாம். தெற்கே போகும்போது கடலோரம் வேண்டுமென்றால் இடப்பக்க 'ஏ' இருக்கை.

கைப்பை 7 கிலோ, செக்-இன் 15 கிலோ என்பது இண்டிகோ கணக்கு. எடை சரியாக இருந்தாலும், சக்கரம் வைத்த தடித்த டிராலி ஏடிஆரின் மேல்தட்டில் நுழையாது. படிக்கட்டடியிலேயே வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். மருந்து, லேப்டாப், நகை எதையும் அதில் வைக்காதீர்கள். பெட்டி போடுகிறவர்களுக்குக் கவுன்டர் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். சென்னையில் உங்கள் விமானம் கிளம்பும் முனையம் டி1-ஆ டி4-ஆ என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தே பாரத் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு எடுப்பது 7 மணி 50 நிமிடம். ஆக, போகுமிடம் தூத்துக்குடியோ திருச்செந்தூரோ என்றால் விமானத்துக்கு நேரத்தில் நல்ல லாபம். தாம்பரத்தில் வீடு, பாளையங்கோட்டையில் வேலை என்றால் வித்தியாசம் சுருங்கிவிடும், ரயிலே போதும். ராத்திரி தூங்கிக்கொண்டே போக முடிந்தவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது.

கட்டணம் குறைவு என்று மதுரைக்கு டிக்கெட் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. அங்கிருந்து தூத்துக்குடிக்கு இன்னும் 140 கிலோமீட்டர், டாக்சியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மிச்சம் பிடித்ததை டாக்சிக்காரரிடம் கொடுத்துவிடுவீர்கள். வாகைகுளமோ நெல்லை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, தூத்துக்குடி டவுனுக்கு அரை மணி. வண்டியை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விமானம் தாமதமாகும் வாய்ப்பு அதிகம். அந்த மாதங்களில் அன்றைக்கே கல்யாண முகூர்த்தம், நேர்முகத் தேர்வு என்று இருந்தால் முந்தின நாளே போய்விடுங்கள்.