கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்குகிறீர்களா? கேபினெட்டின் வலப்பக்கக் கதவையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பட்ஜெட் கேபினெட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் மதர்போர்டு செத்துப்போனதற்குக் காரணம் ஒரே ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டு கேபினெட் தட்டைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் சின்ன மரைத் தூண்). இருக்கக்கூடாத இடத்தில் அது இருந்தது. மாட்டித் தந்த கடைக்காரர் அதைக் கழற்றவில்லை. கோளாறு வந்தபோதும் போர்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. விண்டோஸ், ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்று வரிசையாக எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுவிட்டு, கடைசியில் என் மேல் போட்டார்.

பாகங்கள் எல்லாம் அவரிடமே வாங்கியவை. மாட்டித் தருவதும் அவர் பொறுப்புதான். ஏடிஎக்ஸ் எனப்படும் முழு அளவு போர்டு, விலை குறைந்த கேபினெட். முதலில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு திடீர் திடீரென்று ஆஃப் ஆகி, தானே மறுபடி ஆன் ஆகும். மேசையை லேசாக நகர்த்தினால் ஆஃப். கிராபிக்ஸ் கார்டில் கேபிளைச் சரிசெய்தால் ஆஃப். கொண்டுபோய்க் கொடுத்தேன். "சார், இது விண்டோஸ் பிரச்சினை" என்று ஃபார்மட் அடித்துக் கொடுத்தார். அதிலேயே என் ஃபைல்களில் பாதி போயிற்று. அடுத்த முறை ரேமைத் துடைத்து மாட்டினார். அதற்கும் அடுத்த முறை, "எஸ்எம்பிஎஸ் வீக்கா இருக்கு சார், மாத்திடலாம்" என்று புதிதாக ஒன்றை விற்றார். அசைத்தால் ஆஃப் ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய கொஞ்ச நாளில், பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும் நிலைக்கு வந்தது. இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ ஷார்ட் ஆகிறது என்று உணர்ந்து எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இதைப் பார்த்த பிறகும் மேலே மேலே பவர் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. அவர் என் கண் முன்னாலேயே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

வேறொரு டெக்னீஷியனிடம் எடுத்துப் போனேன். அவர் எதையும் ஆன் செய்யவில்லை. முதலில் போர்டை மொத்தமாகக் கழற்றி வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்குப் பின்புறம் மிளகு அளவில் ஒரு கருப்புப் புள்ளி. அதைச் சுற்றிப் போர்டின் பூச்சு வட்டமாகத் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. கேபினெட் தட்டில் அதற்கு நேர் எதிரே ஒரு ஸ்டாண்ட்ஆஃப், அதன் விளிம்பிலும் அதே கருப்பு. அந்த இடத்தில் போர்டில் துளையே கிடையாது.

நடந்தது இதுதான். ஏடிஎக்ஸ் போர்டின் முழு அளவு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244. இரண்டுக்கும் மேல் பக்கத்துத் துளைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும், மைக்ரோ போர்டின் கீழ்வரிசை மட்டும் வேறு இடத்தில் விழும். இரண்டு அளவையும் ஏற்கும் கேபினெட்டில் இரண்டுக்குமான துளைகள் தட்டிலேயே இருக்கும். சிலவற்றில் மைக்ரோவுக்கான ஸ்டாண்ட்ஆஃப்கள் ஃபேக்டரியிலேயே மாட்டி வரும். ஏடிஎக்ஸ் போர்டு போடுகிறவர் அந்தக் கீழ்வரிசையைக் கழற்றி ஏடிஎக்ஸ் இடத்தில் மாட்ட வேண்டும். என் கடைக்காரர் ஏடிஎக்ஸ் இடத்தில் புதிதாகப் போட்டார், பழையதை விட்டுவிட்டார். துளை இல்லாத இடத்தில் போர்டின் முதுகில் ஒரு உலோகத் தூண் முட்டிக்கொண்டு நின்றது. முதலில் மேல்பூச்சு காப்பாற்றியது. கார்டின் எடையும் ஃபேன் அதிர்வும் சேர்ந்து பூச்சு தேய்ந்த பிறகு, கரண்ட் நேராகக் கேபினெட் உடம்புக்குப் போயிற்று. அதனால்தான் ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. "நல்லா ஓடிச்சே சார், அப்போ அசெம்பிளி சரிதானே" என்ற அவர் வாதம் செல்லாது.

இவ்வளவும் போட்டோவோடு கொண்டுபோய்க் காட்டினேன். "வேற ஆள்கிட்ட கழட்டினீங்கள்ல, அங்க நடந்ததா இருக்கும்" என்றார். தேய்ந்த வட்டம் ஒரே நாளில் வராது என்று சொன்னேன். பதில் இல்லை. போர்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், எரிந்த தடம் இருப்பதால் வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், போர்டில் குறை இல்லைதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ரெடியான கம்ப்யூட்டரைக் கையில் வாங்கும்போது கண்ணாடி இருக்கும் இடப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். லைட், ஃபேன் எல்லாம் அந்தப் பக்கம்தான் மின்னும். வலப்பக்கக் கதவைக் கழற்றச் சொல்லுங்கள். போர்டு உட்காரும் தட்டின் பின்புறம் தெரியும். ஸ்டாண்ட்ஆஃப் மாட்டியிருக்கும் துளையில் அதன் மரை நுனி தெரியும், காலித் துளை காலியாகவே தெரியும். கேபிள்களை ஒதுக்கிவிட்டு நுனிகளை எண்ணுங்கள். பிறகு இடப்பக்கம் வந்து போர்டின் மேல் இருக்கும் ஸ்க்ரூக்களை எண்ணுங்கள். பின்னால் நுனி இருந்து முன்னால் ஸ்க்ரூ இல்லாத இடம் போர்டுக்கு அடியில் வந்தால், பவர் கொடுக்கவே விடாதீர்கள். ஸ்க்ரூ வாங்கும் துளை அங்கே போர்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே பேச்சு. துளை இருந்தால் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்ட்ஆஃபைக் கழற்றச் சொல்லுங்கள். "டேப் ஒட்டிக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த விளிம்பு டேப்பையும் அறுத்துவிடும்.

மாட்டும்போதே பக்கத்தில் நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. போர்டைத் தட்டுக்கு நேராகப் பிடித்து, எந்தத் துளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். முழு ஏடிஎக்ஸ் போர்டில் வழக்கமாக 9 துளைகள். விலை குறைந்த, அகலம் குறைந்த போர்டுகளில் 6 மட்டும் இருக்கலாம். அவற்றில் வலது ஓரம் தாங்குதல் இல்லாமல் நிற்கும், போர்டுக்குப் பவர் தரும் 24 பின் கேபிளைக் குத்தும்போது போர்டு வளையும். அடியில் விரலால் தாங்கிக்கொண்டு குத்தச் சொல்லுங்கள்.

சில மலிவு கேபினெட்டுகளில் பித்தளையே இருக்காது, தகட்டையே மேடாக அழுத்தியிருப்பார்கள். அந்த மேட்டைக் கழற்ற முடியாது. உங்கள் போர்டில் துளை இல்லாத இடத்தில் அது வந்தால் அந்தக் கேபினெட் உங்களுக்கு ஆகாது, வேறு வாங்குங்கள்.

ஸ்க்ரூ விஷயத்திலும் என் கேபினெட்டில் வேலை கெட்டிருந்தது. ஒரே பொட்டலத்தில் இரண்டு வகை வரும். 6-32 என்பது மரை அகலமானது, எம்3 நெருக்கமான மரை. எம்3 ஸ்டாண்ட்ஆஃபில் 6-32ஐ பலவந்தமாக முறுக்கியிருந்தார்கள். கழற்றும்போது ஸ்க்ரூ வரவில்லை, ஸ்டாண்ட்ஆஃபே சேர்ந்து சுழன்று போர்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் திருகும்போது இரண்டு மூன்று சுற்று தானாக இறங்காத ஸ்க்ரூ தப்பான ஸ்க்ரூ. எல்லாவற்றையும் முதலில் தளர்வாகப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், அதுவும் அளவாக. சிவப்புப் பேப்பர் வாஷர் போடவில்லையே என்று சிலர் பயப்படுவார்கள். துளையைச் சுற்றியுள்ள வளையம் கிரவுண்டோடு சேர்ந்ததுதான், ஸ்க்ரூ அதைத் தொடுவதில் தவறில்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே மாதிரி ஃபேன் சுற்றி நிற்கும் கோளாறு இருந்தால், எதையும் மாற்றிப் புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைக்க வேண்டும். போர்டைச் சுற்றி வரும் ஆன்டிஸ்டாட்டிக் கவரின் மேல் வேண்டாம், அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடும். பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டால் ஆன் ஆக வேண்டும். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் முதலில் கேபினெட்டையும் மாட்டிய விதத்தையும்தான் சந்தேகப்பட வேண்டும். தொடக்கத்திலேயே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் என் போர்டு பிழைத்திருக்கும், அந்த இரண்டாவது எஸ்எம்பிஎஸ்சும் தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, பில். எனக்குக் கொடுத்த பில்லில் "கம்ப்யூட்டர் செட்" என்று ஒரே வரி. அசெம்பிளி பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதை வைத்துத்தான் இன்றுவரை மாட்டியதற்கு நான் பொறுப்பில்லை என்கிறார். ஒவ்வொரு பாகமும் சீரியல் எண்ணோடும், மாட்டும் வேலை தனி வரியாகவும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.