பார்வை குறைஞ்சவங்களுக்கு பேப்பர் மடிக்க சொல்லிக்குடுக்க எந்த வழி கொள்ளாம்? ஹால் கிளாஸா, சின்னக் கூட்டமா, வாய்ஸ் மெசேஜா, படி மாதிரியா

ஒரிகாமி, அதாவது பேப்பர் மடிக்கிற கலை, அந்த புக் எதைத் தொறந்தாலும் கோடும் அம்புக்குறியுமா படம்தான் இருக்கும். ஜப்பான்ல அகிரா யோஷிஸாவா (1911–2005) உண்டாக்குன முறை அது, உள்மடிப்புக்கு விட்டுவிட்டு கோடு, வெளிமடிப்புக்கு கோடும் புள்ளியும், உலகம் பூரா இப்பம் அதுதான் ஓடுது. பார்வை இல்லாதவங்களுக்கு அதால அஞ்சு பைசா பிரயோஜனம் கிடையாது. ஆனா மடிக்கிற வேலை இருக்கே, அதுல முக்காவாசி விரலோட வேலை, ஓரமும் ஓரமும் சேந்திருக்கான்னு நகத்தை வச்சு ஓட்டிப் பாத்தாலே தெரிஞ்சிரும். அப்பம் சிக்கல் மடிக்கிறதுல இல்ல, சொல்லிக்குடுக்கிறதுலதான்.

மொதல்ல ஹால் கிளாஸ். நாகர்கோவில்ல ஒரு மண்டபம் புடிச்சு, ஒருநாள் முழுக்க, மேடையில ஒருத்தர் மைக்கோட. கேக்க நல்லாருக்கும், ஆனா அவர் "இதை இப்படி மடிங்க, அதை அந்தப் பக்கம் கொண்டுபோங்க"ன்னு சொன்னா கீழ இருக்கவங்களுக்கு எது 'இப்படி', எது 'அந்தப் பக்கம்'? அருமனைல இருந்தோ குலசேகரத்துல இருந்தோ ஒருத்தர் பஸ் மாறி வந்து, கூட தொணைக்கும் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து (சாதா கட்டண டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் தொணைக்கு வர்றவருக்கும் 2021ல இருந்து டிக்கெட் இல்ல, அது ஒரு ஆறுதல்), கடைசில தொணைக்கு வந்தவரே மடிச்சுக் கையில குடுத்துருவாரு. நாலு பேரைப் பழகலாம், சாப்பாடு கெடைக்கும், போட்டோ நல்லா வரும். மடிக்க கத்துக்கிட முடியாது.

ரெண்டாவது சின்னக் கூட்டம், ஒரு ஆளுக்கு மூணு நாலு பேர், சர்ச் ஹாலோ வீட்டுத் திண்ணையோ எங்கயும் போதும். இதுல ஒரு விசயம் கவனிக்கணும். கத்துக்கிடுறவரோட கையைப் புடிச்சு இழுத்து மடிக்க வைக்கக்கூடாது, நிறைய பேர் பாசத்துல அதைத்தான் செய்றாங்க. நம்ம கையை அடியில வச்சு, அவங்க கையை அது மேல வைக்கச் சொல்லணும், அப்பம் அவங்களே நம்ம விரல் போற வழியைத் தேடிக்கிடுவாங்க, வேண்டாம்னா எடுத்துக்கிடவும் செய்யலாம். பேச்சும் மாறணும்: "மேல, கீழ"ன்னு சொல்றதுக்குப் பதிலா "வயித்துப் பக்கம் இருக்க ஓரம்", "இடது கைப்பக்கம் இருக்க மூலை". பேப்பரை ஒரு மூலை வயித்தைப் பாத்து இருக்க மாதிரி வச்சுக்கிட்டு, மூலைய கடிகாரத்துல மணி இருக்க இடத்தை வச்சு சொன்னாலும் சரியா வரும், பன்னெண்டு மணி மூலையை ஆறு மணி மூலைக்குக் கொண்டு வாங்கன்னா யாருக்கும் சந்தேகமே வராது. விளிம்பு வச்ச ட்ரே ஒண்ணு முன்னால இருந்தா பேப்பர் நழுவாது.

வாய்ஸ் மெசேஜ் வழி பாக்க லேசா இருக்கும், காசும் இல்ல, ஆனா ரெண்டு கையும் பேப்பர்ல இருக்கும்போது போனை யாரு நிறுத்துவா? டாக்பேக் (ஸ்கிரீன்ல இருக்கதை வாசிச்சுச் சொல்ற போன் வசதி) போட்டிருந்தா தேடிப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டணும், அதுக்குள்ள புடிச்சு வச்ச மடிப்பு விரிஞ்சிரும். வாட்ஸ்அப் வேற, வாய்ஸ் மெசேஜ் வரிசையா கெடந்தா ஒண்ணு முடிஞ்ச உடனே அடுத்ததை அதுவா ஓட்டிரும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சும்மா ஒரு எழுத்தை அனுப்பி வச்சா நிக்கும், ஒரு மெசேஜுக்கு ஒரே ஒரு மடிப்புதான்னு வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

எனக்கு ரொம்பப் புடிச்சது நாலாவதுதான், படி மாதிரி. கப்பல் செய்யணும்னா ஒவ்வொரு மடிப்போட நிறுத்துன பேப்பரை வரிசையா ஒரு அட்டையில கிளிப் போட்டு வைக்கிறது, முதல் படி, ரெண்டாம் படின்னு. தன் கையில இருக்கதையும் அதையும் மாத்தி மாத்தித் தடவிப் பாத்தா எங்க தப்பாச்சுன்னு அவங்களுக்கே தெரியும், யாரையும் கேக்க வேண்டாம். கப்பல்ல தொப்பி வந்தபெறவு அடியில பெருவிரலை விட்டு விரிச்சு, மறுபக்கமா அமத்தி சதுரமாக்குற இடம் ஒண்ணு இருக்கு பாத்துக்கிடுங்க, அதை வாயால சொல்லி விளங்க வைக்கறதுக்குள்ள நமக்கு உயிரு போயிரும், மாதிரியைக் கையில குடுத்தா அடுத்த நிமிசம் செஞ்சுருவாங்க. பல கை பட்டு நசுங்கும்கறதால இதை சார்ட் பேப்பர்ல செய்யணும், ஆனா அளவு அவங்க பேப்பரோட அளவாத்தான் இருக்கணும்.

எல்லாத்தையும் பிரெய்லில அடிச்சுக் குடுத்துரலாமேன்னு கேப்பாங்க. பள்ளிக்கூடத்துலயே பிரெய்ல் படிச்சவங்களுக்கு அது அருமைதான். ஆனா அம்பது வயசுக்கு மேல சுகர்ல பார்வை போனவங்களும் வருவாங்க, அவங்கள்ல சிலருக்கு விரல் நுனியும் மரத்திருக்கும், ஆறு புள்ளி புடிபடாது. மாதிரியோட பெரிய மடிப்பு அந்தக் கைக்கும் தெரியும். கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற கலர் உள்ள பேப்பர் ரொம்ப ஒதவும்.

அதனால நான் சொல்றது, சின்னக் கூட்டமும் படி மாதிரியும் சேத்து வைங்க, வாய்ஸ் மெசேஜை வீட்டுல திரும்பச் செஞ்சு பாக்க மட்டும் அனுப்புங்க. ஹாலுக்குக் குடுக்கிற வாடகைக்கு எவ்வளவோ பேப்பர் வாங்கலாம்.

பேப்பருக்குப் பதிலா ஓலை ஆகாதான்னும் ஒரு கேள்வி வரும், குருத்தோலை ஞாயிறுக்கு சிலுவை மடிச்ச கையெல்லாம் இங்க உண்டே. ஓலைல நரம்பு நீளவாக்குல ஓடுறதால எந்தப் பக்கம்னு கைக்கு உடனே தெரியும், அது பெரிய வசதி. ஆனா நரம்போட போற மடிப்புல கிழிஞ்சிரும், ரெண்டு நாள்ல காஞ்சும் போவும், திருப்பித் திருப்பி மடிச்சுப் பழக பேப்பர்தான் சரி. சாதா ஏ4 போதும், கப்பலுக்கு அப்படியே எடுக்கலாம். சதுரம் வேணும்னா சின்ன ஓரத்தை நீள ஓரத்தோட சேத்து மடிச்சா 87 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும், அதை நகத்தால கீறி ஸ்கேல் வச்சுக் கிழிச்சுரலாம், கத்தரி வேண்டாம். நம்ம ஊருல ஜூன்லயும் மழை அக்டோபர்லயும் மழை, ஈரம் குடிச்ச பேப்பர்ல மடிப்பு நிக்கவே நிக்காது, கட்டைப் பிரிச்சா மிச்சத்தை டப்பால போட்டு மூடி வைங்க.